செவ்வாய், வெள்ளி தவிர

கையில் சளி டப்பாவோடு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்பதுகளில் மலேசியாவில் நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

எனக்குக் காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்). இருமலில் ரத்தம் கண்டதும் ஒன்றரை வயது மகனைப் பந்திங்கில் இருந்த அக்காவிடம் விட்டேன். பண்டமாரானில் இருந்த எங்கள் வீட்டில் நானும் மாத்திரைகளும்தான். சளியில் கிருமி இல்லை என்று வரும்வரை பிள்ளையைத் தூக்கக் கூடாது. ஐந்து மாதமாகியும் கிருமி போகவில்லை.

ஒரு சனிக்கிழமை கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கையில் சேர்த்தார்கள்.

"மருந்துக்குக் கிருமி அடங்கல போலம்மா. வேற மருந்து, தினம் ஊசி. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகலாம்," என்றார் பெரிய டாக்டரம்மா. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். பொய் சொல்லும் எண்ணமே எனக்கில்லை.

அவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் விதமே வேறு. ஆளுக்கொரு நோயாளியைப் பற்றி ஒரு பக்கம் கதை எழுத வேண்டும். நோயின் பெயர் வரக் கூடாது. எழுதியதை நோயாளியிடமே படித்துக் காட்டி, அவர் சொல்லும் தப்பைத் திருத்த வேண்டும். எனக்கு வாய்த்தவள் கோமதி. வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"டாக்டருக்குப் படிக்க வந்தா கதை எழுதச் சொல்றாங்கக்கா."

"எழுது லா. மார்க் கொறைஞ்சா என் கதை நல்லால்லன்னு சொல்லிடு."

மறுநாள் மாலை படித்தாள். சரக்கு லோரி ஓட்டிக்கொண்டு வெளியூரிலேயே கிடக்கும் என் கணவர், மகனின் தொட்டில் துணியை நான் துவைக்காமல் மடித்து வைத்திருப்பது எல்லாம் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வரி: 'தினமும் காலையில் மாத்திரைகளை விழுங்குகிறாள்.'

"இது தப்பு. செவ்வாய், வெள்ளி கிடையாது," என்றேன்.

"ஏன்கா?"

"விரதம்மா. பொழுது சாயற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. மாத்திரை மட்டும் எப்படி? இந்த நோய் போகணும்னுதான முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்."

"சாயங்காலமாவது போட்டீங்களா?"

"காலை மாத்திரைய சாயங்காலம் யாரு போடுவா?"

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையை இத்தனை மாதம் பிரித்து வைத்தது நானேதானா? டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். வெட்கத்தோடு தலையாட்டினேன்.

திங்களன்று திட்டு விழும் என்று போர்வைக்குள் சுருண்டிருந்தேன். டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்தார்.

"நாங்க கேட்ட விதம் சரியில்ல. விரதத்தன்னிக்குத் திருநீறு வாயில போடுவீங்கல்ல?"

"போடுவேன்."

"அதோட இதையும் போட்டு, ரெண்டு வாய் தண்ணி குடிங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார்."

கிருமியை மறுபடி சோதித்ததில் பழைய மருந்துக்கே அது அடங்கும் என்று தெரிந்தது. ஊசி வேண்டியிருக்கவில்லை. அப்பாடா என்று அன்று விட்ட மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

நீங்கள் மாத்திரை போடாத நாள் எது என்பதை, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். எனக்கு விரதம் இன்றும் உண்டு. விடிந்ததும் திருநீறு போட்டால் நாக்கு தானாகவே மாத்திரையைத் தேடுகிறது.

சளி சுத்தம் என்று முடிவு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். வெறும் வயிற்றோடு பந்திங்குக்கு பஸ் ஏறினேன். மகன் நன்றாகக் கனத்திருந்தான். தூக்கியபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. நான் யாரென்று தெரியாமல் அவன் வீறிட்டு அழுதான்.

"இறக்கி விடு, பயப்படறான்," என்றார் அக்கா.

நான் இறக்கவில்லை.