சந்தனம் பூசிய பொத்தான்கள்

எழுபதுகளின் கடைசியில், தென்காசி ரதவீதியில் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்கிற ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். போன் என்றால் அங்கே விரல் விட்டுச் சுழற்றும் கறுப்பு போன்தான்; அந்தச் சுழல்தட்டுக்கும் முதலாளி ஒரு சின்னப் பூட்டு போட்டு வைத்திருந்தார். எண்பதுகள் முடியப் போகிற சமயத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய மச்சினன் புதுமாதிரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பொத்தான் போனும் டேப்பும் சேர்ந்தது. ஆள் எடுக்காவிட்டால் தானே எடுத்து, முதலாளி குரலில் பேசி, கூப்பிட்டவர் சொல்வதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேதி இருந்தால் சிவப்பு விளக்கு மின்னும். அதைக் கேட்க ஓர் எண்ணை வரிசையாக அமுக்க வேண்டும். அந்த எண் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆபீசில் ஆள் இல்லை, சேதியைச் சொல்லுங்கள்" என்று பேசிப் பதியச் சொன்னார் மச்சினன். முதலாளி கேட்கவில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் 'இல்லை' என்ற சொல் வரலாமா? எங்கள் ஊர்க் கடைகளில் சரக்கு தீர்ந்துபோனாலும் "நாளைக்கு வரும்" என்பார்களே தவிர, இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம். சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று பதிந்து வைத்தார். அதற்கப்புறம் செங்கோட்டைப் புரோக்கர்கள் பெட்டியிடம் விலை சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, இவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசித் திரிந்தார்கள்.

என் மேஜைக்கு எதிர்மேஜை கணக்கப்பிள்ளையுடையது. அவருடைய ஒரே மகன் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். கடிதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் ஆனியில் சாரல் தொடங்கியதிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. சாரல் முடிந்து குற்றால அருவியில் தண்ணீரும் இளைத்துவிட்டது. இருக்கிறானா, என்ன ஆனான் என்று மனுஷர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் பேனாவைக் கீழே வைப்பார், அவ்வளவுதான். வீட்டில் போன் கிடையாது. "பூசையன்னைக்கு ஆபீசுக்குப் போடுவான். போன வருசமும் போட்டாம்லா" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஆயுத பூஜையும் வந்தது. தராசு, கல்லாப்பெட்டி, என் டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் முதலாளியே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். சிங்கப்பூர்ப் பெட்டிமேல் அவருக்குத் தனிப் பிரியம். பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். சூடம் காட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கணக்கப்பிள்ளை சட்டென்று முன்னால் வந்தார்.

"பூசையில வச்சதத் தொடக் கூடாதுவே. அதுவே எடுத்துக்கிடும், சும்மா இரும்" என்றார் முதலாளி.

மணி நின்றது. பேச்சு வெளியே கேட்காதபடி முதலாளி முன்பே சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால், உள்ளே டேப் ஓடும் உறுமல் மட்டும் கேட்டது. கணக்கப்பிள்ளை சூடத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. நான் மேலகரத்திலிருந்து பஸ் பிடித்து வருவதற்கு முன்பே கணக்கப்பிள்ளை வந்து, பூட்டின கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். முதலாளியோ குற்றாலத்தில் நிதானமாகக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து, மறுபூசை முடித்துத்தான் பெட்டிப் பக்கம் திரும்பினார். எங்களுக்குத் தெரியாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு எண்ணை அமுக்கினார். பெட்டி 'கீ கீ' என்று மறுத்தது. பலமாக அமுக்கினார். குத்தினார். அதே கீ கீ. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே!

லைன்மேன் வந்து, லைனில் கோளாறு இல்லை, வெளிநாட்டுச் சாமானைத் தொடமாட்டேன் என்று காபி குடித்துவிட்டுப் போனார். உள்ளே இருந்த கேசட்டோ தீப்பெட்டி அளவு. ஊரில் எந்த டேப்ரிக்கார்டரிலும் பொருந்தாது.

"கெட்டுப்போச்சு போல. மச்சினங்கிட்டயே குடுத்து அனுப்பிருவோம்" என்றார் முதலாளி.

கணக்கப்பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "முதலாளி, நான் ஒண்ணொண்ணா அமுக்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். டைப்ரைட்டரில் எழுத்து விழாவிட்டால் அப்படித்தான் பார்ப்பேன். எல்லாப் பொத்தான்களும் சத்தம் கொடுத்தன, ஐந்தைத் தவிர.

"உங்க நம்பர்ல அஞ்சு வருதா?"

முதலாளி மேல்துண்டைச் சரிசெய்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலையே போனாலும் போகட்டும் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கணக்கப்பிள்ளை பேசினார். அந்த ஆபீசில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"முதலாளி, எம் பிள்ள அதுக்குள்ள கெடக்கான்."

முதலாளி எண்ணைச் சொன்னார். அவருடைய கார் நம்பர். ஊருக்கே தெரிந்த நம்பர். அதில் ஐந்து இருந்தது.

டைப்ரைட்டர் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து, குண்டூசி நுனியால் அந்தப் பொத்தானின் இடுக்கைச் சுரண்டினேன். இறுகிப்போன சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஊதினேன், துடைத்தேன், மறுபடியும் சுரண்டினேன். இப்போது ஐந்தும் சத்தம் கொடுத்தது. எண்ணை அமுக்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"முதலாளி, கும்பிடுதேன். நாந்தான் பேசுதேன். அப்பாவக் கொஞ்சம் கூப்பிடுதீயளா?"

உயிரோடு இருக்கிறான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கணக்கப்பிள்ளை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், அடுத்த வார்த்தைக்காக.

அடுத்த வார்த்தை வரவில்லை. எங்கேயோ லாரிகள் ஓடுகிற இரைச்சல். போன் பெட்டியில் காசு விழுகிற சத்தம். அவன் காத்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று முதலாளியே சொன்ன பிறகு, அப்பாவைக் கூப்பிட ஆள் போயிருக்கும், சரக்கு வைக்கிற கிட்டங்கியிலிருந்து வந்துகொண்டிருப்பார் என்று நினைத்திருப்பான். முதலாளியை அவசரப்படுத்தலாமா? ஒருமுறை இருமினான். மறுபடியும் காசு விழுந்தது. எந்த ஊரில் இருக்கிறான், ஏன் கடிதம் போடவில்லை, எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்ல வைத்துக்கொண்டு, பேசாமல் நின்றான். முதலாளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டேப் முடியப் போகும்போதுதான் குரல் வந்தது.

"அப்பா, வந்துட்டீயளா?"

கணக்கப்பிள்ளை பெட்டியின்மேல் வாயை வைத்தாற்போல் குனிந்தார்.

"வந்துட்டேன்யா. இங்கனதான் இருக்கேன். சொல்லுலே" என்றார்.

டேப் அதற்குள் நின்றுவிட்டிருந்தது.