ரவூப் பாய் குடிக்காத தண்ணீர்

அப்துல் ரவூப்புக்குக் கோவில்பட்டி கடைவீதியில் குடைக்கடை. மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற கரிசல் பூமியில் குடை விற்றுப் பிழைக்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்தான். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது குடையல்ல, அடுத்தவன் சண்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் கிணற்றுத் தண்ணீருக்காக வெட்டிக்கொள்ள நின்ற இரண்டு பங்காளிகளைப் பேசி முடித்து வைத்தார். அதிலிருந்து வரப்புத் தகராறா, கண்மாய்த் தகராறா, கூப்பிடு பாயை என்றாகிவிட்டது. வழக்கு குறைந்துபோன கடுப்பில் ஒரு வக்கீல், "வே, நீரு காலேஜுல இதுக்குன்னே பாடம் நடத்தலாம்" என்று சொல்லப்போக, 'புரபசர் பாய்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

அந்தப் படிப்பில் முதல் பாடம், எந்தத் தரப்பிலும் கை நனைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. ஒரு வீட்டில் ஒரு வாய் மோர் குடித்தால் போதும், "அங்கன குடிச்சிட்டு இங்கன நியாயம் பேசுதாரு" என்று எதிராளி எழுந்து போய்விடுவான். அதனால் வீட்டிலிருந்தே கூஜாவில் தண்ணீர் கொண்டுபோவார். கூஜா காலியானால் எச்சிலை விழுங்கிக்கொள்வார். வழக்கு முடிந்த பிறகும் குடிக்க மாட்டார். அதே சண்டை நாளைக்கே திரும்ப முளைக்காது என்று யார் கண்டது?

அறுபத்து நாலில் எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் ஓர் ஓடைத் தகராறு வந்தது. மேலூர்க்காரர்கள் ஓடைக்குக் குறுக்கே மண்கரை போட்டார்கள், கீழூர்க் கண்மாய் காய்ந்தது. கைகலப்பில் கீழூர்ப் பெரியவர் உச்சிமாகாளியின் தம்பிக்கு மூன்று விரல் போயிற்று. ஐப்பசி மழைக்குள் முடியாவிட்டால் அடுத்து விழுவது தலைதான் என்று ரவூப்புக்குத் தெரியும். மேலூருக்குக் காசிராஜன் பேசினார், கீழூருக்கு உச்சிமாகாளி. பதினோரு மாதத்தில் ஒன்பது தடவை உட்கார்ந்தாயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டே, "பாய், அவருட்ட சொல்லும்" என்றுதான் இருவரும் பேசுவார்கள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது.

பத்தாவது தடவைக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட வீட்டுக்கு வந்த ரவூப் கூடத்தில் வாழையிலைப் பொட்டலத்தைப் பார்த்தார். கடம்பூர் போளி. ஒன்றுதான் மிச்சம்.

"ஏது?"

"நீங்க அனுப்புனதா ஒரு அண்ணாச்சி குடுத்துட்டுப் போனாரு. புள்ளைங்க தின்னுட்டுதுங்க, நானும் ஒண்ணு..." என்றாள் மனைவி பதருன்னிசா. அவர் முகத்தைப் பார்த்ததும் மிச்சப் போளியை இலையோடு தள்ளி வைத்தாள்.

"ஆளு எப்படி இருந்தாரு?"

"இடது புருவத்துல வெட்டுத் தழும்பு."

காசிராஜனின் மச்சினன்! பன்னிரண்டு வருஷமாகத் தொண்டை வறள வறளக் கட்டிக் காத்தது போளியோடு போயிற்றே. சொல்லாமல் விட்டால் காசிராஜன் என்றைக்காவது எடுத்து வீசுவார். சொன்னால் கீழூர்க்காரர்கள் எழுந்து போவார்கள், நேரே அரிவாளுக்குத்தான் போவார்கள். அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலைப் பஸ்ஸில் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று பார்த்தார். கைப்பையில் அந்த ஒற்றைப் போளி இருந்தது.

ஓடைக்கரை வேப்பமரத்தடியில் இரண்டு ஊரும் கூடியிருந்தது. கீழூர்க்காரர்கள் சிலர் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்த விதமே சரியில்லை. ரவூப் நடுவில் நின்று பொட்டலத்தைப் பிரித்து மணலில் வைத்தார்.

"இது மேலூர்ல இருந்து எங்க வீட்டுக்கு வந்தது. தெரியாம தின்னுட்டாங்க. அதுக்குமேல உங்க இஷ்டம்."

உச்சிமாகாளியின் தம்பி விரலில்லாத கையை ஊன்றி எழுந்தான். ரவூப் கண்ணை மூடிக்கொண்டார். யா அல்லா.

"இருலே" என்றார் உச்சிமாகாளி. காசிராஜன் பக்கம் திரும்பினார். "நீரா அனுப்புனீரு?"

"எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டிப்பயலை நான் கேக்கேன்." காசிராஜனுக்கு முகம் கறுத்துப்போயிற்று.

"எப்படியும் இவரு இனிமே பேசக்கூடாது."

"ஆமா. கூடாது."

ரவூப் கண்ணைத் திறந்தார். பதினோரு மாதத்தில் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் ஆமாம் போட்டது இதுதான் முதல். அதுவும் நேருக்கு நேர். ஒரு தும்மல் போட்டால்கூடக் கெட்டுவிடும் என்று பயந்து, கூஜாவை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் வெயிலில் உட்கார்ந்தார்.

"அப்பம் வேற யாரை வைக்க?" என்றார் உச்சிமாகாளி.

"எதுக்கு? நாமளே பேசுவோம். கரையில தண்ணி போக மடை வச்சா ஒத்துக்கிடுவீரா?"

"எத்தனை அடி?"

பேச்சு ஏறியது, இறங்கியது. ஏறும்போதெல்லாம் ரவூப் பாதி எழுந்து உட்கார்ந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் சீக்கிரம் முடியும். நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டார். அவர் வேலை போனதால்தான் இந்தப் பேச்சே நடக்கிறது, அதை அவரே கெடுக்கக் கூடாது.

உச்சிவெயில் சாய்ந்தபோது மூன்றடி மடைக்கு இரண்டு பேரும் சம்மதித்தார்கள். கூஜா எப்போதோ காலி. கீழூர் வெயிலுகந்தம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வழக்கம்போல் வேண்டாமென்று ரவூப் கையை அசைத்தார்.

"இனி நீரு யாருக்கும் நடுவுல இல்லியே பாய். குடியும்" என்றாள்.

செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தார். தண்ணீர் உப்புக் கரித்தது. இந்தத் தண்ணீரைத்தான் இத்தனை வருஷமாக வேண்டாமென்று சொல்லியிருக்கிறோம் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"இன்னொரு செம்பு குடும்மா" என்றார்.