மூளைக் கோளாறு

இரண்டு பக்கமும் பார்வையின் ஓரம் இருட்டிக்கொண்டு வந்தது. நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் வரும் பைக் தெரியாது. மினி லாரி ஓட்டிப் பிழைக்கிறவனுக்குத் தூக்கம் போக இது போதாதா? டவுனில் கண் டாக்டர், நரம்பு வெளுத்திருக்கிறது, கிளாக்கோமா என்று சொட்டு மருந்து எழுதினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும் வியாதியாம். ஆனால் அளக்கும்போதெல்லாம் என் அழுத்தம் சரியாகவே இருந்தது.

"பெறவு ஏன் சார் ஓரம் குறைஞ்சுக்கிட்டே போவுது?"

"எத்தனாவது படிச்ச?"

"ஏழாவது சார்."

"அப்ப ஊத்துன்னா ஊத்து."

ஊற்றினேன். குறைந்துகொண்டேதான் போனது. பயந்துபோய்ப் பாளையங்கோட்டையில் வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் மட்டும் மறைகிறது, மூளையை ஸ்கேன் எடுங்கள் என்றார். அதை அப்படியே வீட்டில் சொன்னதுதான் வினை.

"எக்கா, அத்தானுக்கு மூளைக் கோளாறாம்!" என்றான் மச்சினன். எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மனைவி அழுதாள்.

"ஏலே, கட்டி இருக்கான்னு பாக்கச் சொல்லுதாவ. பைத்தியம்னு யாரு சொன்னா?"

"எந்தப் பைத்தியம் அத்தான் ஒத்துக்கிடுது?"

ஸ்கேனைத் தள்ளிவைத்து என்னைப் பாபநாசம் அருவிக்குக் கொண்டுபோனார்கள். தலையில் தண்ணீர் விழுந்தால் பித்தம் இறங்குமாம். மறுத்தால் அதையே அத்தாட்சியாக்கிவிடுவார்களோ என்று போனேன். பாறையில் பக்கம் தெரியாமல் வழுக்கினேன். மச்சினன் என் பிடரியைப் பிடித்து அருவிக்கு அடியில் அழுத்தினான். "நில்லுங்க அத்தான், இறங்கட்டும்." தலைவலியில் மண்டை பிளந்தது. திரும்பும் வழியில் பாளையங்கோட்டையிலேயே பஸ்ஸை விட்டிறங்கி, ஈரவேட்டியோடு ஸ்கேன் எடுக்கப் போனேன்.

மூளைக்கு அடியில் கட்டி. இரண்டு கண்ணின் நரம்பும் ஒன்றுசேரும் இடத்தை அது நெருக்கியிருந்தது. கண்ணில் ஒரு நோயும் இல்லை. கட்டியை மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இனி மோசமாகாது, ஆனால் போன ஓரம் முழுதாகத் திரும்பாது, வண்டி ஓட்டவே கூடாது என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மச்சினன் ஆப்பிளோடு வந்தான். "அருவித்தண்ணி அடிச்சதுலதான் கட்டி இளகியிருக்கு, அத்தான்."

"வெளிய போலே!"

"கோவப்படாதிய," என்றாள் மனைவி, "தலைக்கு ஆவாது."

இப்போது லாரியை அவன்தான் ஓட்டுகிறான். பக்கத்தில் ஏறிக்கொள்ளச் சொல்லி ஹாரன் அடிக்கிறான். நான் பஸ்ஸில்தான் போகிறேன்.