வெள்ளிக்கிழமை பல்லாவரமும் யாழினியின் வலது கையும்

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் ஆறு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஓராண்டாக வெள்ளிக்கிழமைதோறும் மகளைத் தூக்கிக்கொண்டு கைப் பயிற்சிக்குப் போகிறவனுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

யாழினி பிறக்கும்போது தோள் சிக்கிக்கொண்டது. வலது கைக்குப் போகும் நரம்புகளில் சில கழுத்தருகே அறுந்துவிட்டன. விரல்கள் அசையும், தோளும் முழங்கையும் அசையாது. ஆறாவது மாதத்தில் அவள் காலிலிருந்தே நரம்பை எடுத்து அங்கே ஒட்டுப்போட்டார்கள். அதன் வழியாக நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளர வேண்டும். இப்போது அவளுக்கு இருபது மாதம். அடுத்த மாதப் பரிசோதனைக்குள் முழங்கை தானாக மடங்காவிட்டால் இன்னொரு ஆபரேஷன் பற்றிப் பேசவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன வெள்ளி காலை 9.40க்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினோம். டிக்கெட் ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடம். பல்லாவரத்தில் ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். "ஒரு கிலோமீட்டர் கூட இல்லையேண்ணா" என்றேன். "இன்னிக்கு சந்தை சார். சுத்திகினு போவணும். பேஜாரு" என்றார். நியாயம்தான். ஆனாலும் பயிற்சி மையத்துக்கு நடந்தேன், பதினைந்து நிமிடம்.

பயிற்சி தரும் மேடம் யாழினியிடம் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை நீட்டினார். அவள் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையை முன்னால் கொண்டுவந்து வாங்கினாள்.

"இதை யார் சொல்லிக்கொடுத்தது?"

"நாங்கதான் மேடம். பீச்சாங்கையில வாங்கக் கூடாதுல்ல?" என்றேன், பெருமையாகவே. யார் எதைக் கொடுத்தாலும், கோயிலில் விபூதியானாலும் பக்கத்து வீட்டு பிஸ்கட்டானாலும், நானோ என் மனைவி கவிதாவோ அவளது வலது கையைத் தூக்கி நீட்டுவோம். நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம்.

மேடம் சிரிக்கவில்லை. "அந்தக் கையைத் தூக்க இன்னொரு கை வேணும்னு அவ கத்துக்கிட்டா சார். மரியாதை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இடது கையைப் பிடிச்சுக்கோங்க, எதையும் வலது பக்கமா காட்டுங்க. அப்புறம் சும்மா இருங்க. அதுதான் கஷ்டம்."

படியிறங்கும்போது என்மேலேயே எரிச்சலாக இருந்தது. பிள்ளைக்கு உதவுகிறோம் என்று நினைத்து உபத்திரவம் செய்திருக்கிறோம்.

வெயில் உச்சிக்கு ஏறுமுன் சந்தையைப் பார்த்துவிடலாம் என்று பழைய டிரங்க் ரோடு பக்கம் போனேன். பழைய மிக்ஸி, தையல் மெஷின், ரோஜாச் செடி, கூண்டில் கிளிகள், என்ன வேண்டுமானாலும் கிடைக்கும். யாழினி ஒரு கொய்யா வண்டியைக் கண்டு துள்ளினாள். அவளை என் வலது இடுப்பில் மாற்றிக்கொண்டேன். அப்படி வைத்தால் அவள் இடது கை என் முதுகுப் பக்கம் போய்விடும், வலது கை மட்டும் முன்னால் இருக்கும்.

கடைக்கார அக்கா ஒரு துண்டு நறுக்கி நீட்டினார். யாழினி துண்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சும்மா நின்றேன்.

"இன்னா சார், கொயந்த கேட்டுகினு கீது, வாங்கிக் குடேன்."

"கொஞ்சம் இருங்கக்கா. அவளே வாங்கட்டும்."

"கை வராதா?"

"வரணும்க்கா."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். யாழினியின் உதடு பிதுங்கியது. பெற்ற மனம் கேட்குமா? மேடம் சொன்னதெல்லாம் காற்றோடு போக, என் இடது கை அவள் மணிக்கட்டைத் தொட்டுவிட்டது.

"நானு!" என்றாள். முழங்கை மடங்கியது. என் விரல்களிலிருந்து மெல்ல விலகி, அந்தச் சின்ன முஷ்டி அவள் நெஞ்சுவரை வந்தது.

தோள் உயராததால் கொய்யாவை வாங்கக் கை எட்டவில்லை. வாங்கிவிட்டாள் என்று அக்கா விட்ட துண்டு கீழே விழுந்தது. "வுடு, வேற தரேன்" என்றார் அக்கா. மேடத்திடமே திரும்பி ஓடினேன். மேடம் அவள் புஜத்தில் விரல் வைத்துப் பார்த்து, "தசை எழும்புது சார். மீதியை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

இதே காரணத்துக்காக இந்த வழியில் வருகிறவர்களுக்கு: வெள்ளி தவிர வேறு நாள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சந்தை நெரிசல் இருக்காது. காலை ஒன்பதரைக்கு மேல் தாம்பரம் பக்கம் வரும் ரயில்களில் உட்கார இடம் கிடைக்கும். கடற்கரை போகும் ரயிலில் சந்தேகம்தான். தண்ணீர், தொப்பி, மாற்றுச் சட்டை அவசியம். குழந்தை எதையாவது எடுக்கத் திணறும்போது உங்கள் கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. அல்லது சொல்லியும் காதில் ஏறவில்லை.

திரும்பும்போது பல்லாவரம் பிளாட்பாரத்திலிருந்து கவிதாவுக்குப் போன் செய்தேன். அவள் பள்ளி ஆசிரியை, இடைவேளையில் எடுத்தாள்.

"என்னாச்சு? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"யாழினி என் கையை உதறிட்டா."

பிள்ளைகளின் இரைச்சல் குறைந்தது; தள்ளி வந்திருப்பாள்.

"எந்தக் கையால?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அழத் தொடங்கிவிட்டாள்.