பெரிய ரைட்டர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்

பள்ளிக்கூடத்து ரைட்டர் வேலை, அதாவது குமாஸ்தா வேலை என்பது, ஒரு வரிகூடப் பாடம் நடத்தாமல் வாத்தியார், பிள்ளை, பெற்றோர் மூன்று தரப்பிடமும் திட்டு வாங்குகிற வேலை. பேனா பிடித்துப் பிழைத்த சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸ் பள்ளிக்கூடத்தில் நான் சின்ன ரைட்டர். பெரிய ரைட்டர் ஞானமுத்து ஐயா. சேர்க்கை, வருகை, சாக்கட்டி, சண்டை எல்லாம் அவர் கையில். கட்டடம் மட்டும் சுரங்கத்துக்காரர்களின் பழைய கிடங்கு. "என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பிக் கேட்போம்" என்று சொல்லித்தான் விட்டிருந்தார்கள். ஐயாவின் தலைமுடியில் பாதி அந்தக் கவலையில் நரைத்தது. மீதிப் பாதி என்னால்.

வீணாய்ப் போன ஞாயிறு

கல் இடிக்கிற மில்லின் சத்தம்தான் எங்கள் கணக்கு வாத்தியாருக்குத் தாலாட்டு. ஒரு சனிக்கிழமை கரும்பலகைக்குப் பின்னால் அவர் தூங்கிப்போக, நான் பாராமல் வெளியே பூட்டிவிட்டேன். திங்கட்கிழமை திறந்தால், கொட்டாவி விட்டபடி எழுந்து உட்கார்ந்தார். தாடி தொப்புள் வரை வளர்ந்திருந்தது. நம்பாதவர்கள் மார்பு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா என்னைத் திட்டவில்லை. நேரே ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் அங்கே ஒரு தகர வில்லை உண்டு. இறங்கும்போது 'உள்ளே' என்ற ஆணி வரிசையில் மாட்டுவான். ஏறி வந்ததும் 'வெளியே' வரிசைக்கு மாற்றுவான். உள்ளே ஒரு வில்லை தொங்கினாலும் ஷாப்டை மூட மாட்டார்கள். மறுநாளே எங்கள் வாசலிலும் அப்படி ஒரு பலகை. பிள்ளைகள், வாத்தியார்கள், நான், ஐயா, எல்லோருக்கும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெட்டிய வில்லை. அவரவர் வில்லையை அவரவரேதான் மாற்ற வேண்டும். உள்ளே வில்லை இருந்தால் பூட்டில் கை வைக்கக் கூடாது. இத்தனைக்கும் காரணமான கணக்கு வாத்தியார் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்: "இன்னா பண்ணி இன்னா? ஒரு ஞாயித்துக்கெழம லீவு தூக்கத்துலயே பூடுச்சே!"

மீசை வைத்த முதல் வகுப்பு

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மாரியம்மனுக்குக் கூழ். பிள்ளைகள் அத்தனை பேரும் கோயிலில். பெஞ்சு காலியாக இருந்தால் கிடங்கு கையை விட்டுப் போய்விடும். ஐயா ஷாப்ட் வாசலுக்கு ஓடினார். காலை ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்களை, முகத்துப் புழுதியோடு அப்படியே அழைத்துவந்து, வில்லை மாட்டவைத்து உட்காரவைத்தார். முழங்கால்கள் காதைத் தொட்டன. முன்வரிசையில் முனுசாமி, அவன் மீசையில் இரண்டு எலுமிச்சம்பழம் நிற்கும்.

"முதல் வகுப்புப் பையனுக்கு மீசையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த ஊர்த் தண்ணி அப்படிங்க" என்றார் ஐயா, கண் சிமிட்டாமல்.

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் கையெழுத்து கோணலாக விழுந்தது. ஆனாலும் விழுந்தது. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் முனுசாமி பத்து ஆட்களோடு தானாகவே வந்து வில்லையை மாட்டினான்: "நேத்து பாதில வுட்டுட்டீங்களே ஐயா, 'அ'னாவுக்கு அப்பால இன்னா வருது?"

பூட்டோடு வந்த கேப்டன்

ஒரு காலையில் ஐயா வந்தார், வில்லையை உள்ளே மாட்டினார், வருகைப் பதிவைத் திறந்தார், அதன்மேல் தலை சாய்த்தார். அவ்வளவுதான். இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கோயில் மணியும் மாதாகோயில் மணியும் போட்டி போட்டுக்கொண்டு அடித்தன. அவர் வில்லையை மாற்ற நான் இரண்டு தரம் கையைத் தூக்கினேன், கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, கிடங்கு வேண்டும் என்று, சுரங்கத்தில் வேலை வாங்குகிற வெள்ளைக்காரக் கேப்டனே பூட்டோடு வந்துவிட்டார். மீசை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் வில்லையை 'வெளியே' மாற்றிவிட்டு முற்றத்தில் நின்றோம். முனுசாமி மட்டும் வாசலை மறித்தான். கேப்டன் நினைத்தால் அவனுக்கு நாளைக்கு ஷிப்ட் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

"துரை, பெரிய ரைட்டர் வில்ல உள்ள கீது. எப்படிப் பூட்டுவீங்க?"

"அந்த ஆள் செத்துப் போச்சு, மேன்."

"செத்தாரு, சரி. வில்லய மாத்தலியே. ஷாப்ட்டுல இப்படின்னா நீங்க மூடுவீங்களா?"

கேப்டன் பலகையைப் பார்த்தார். பாதி ஆயுளைப் பூமிக்குள் கழித்த மனுஷர். 'உள்ளே' வரிசையில் அந்த ஒற்றைத் தகரம் காற்றில் டிக் டிக்கென்று ஆணியில் தட்டிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றினார். பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்: "உள்ளே ஆள் இருக்கு. நான் பூட்ட மாட்டான்."

செத்த பிறகும் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வருகிற மேலதிகாரியிடம் சிக்கியவன், சகோதரர்களே, பல்வலி என்று சொல்லி அரை நாள் லீவு கேட்கக்கூட வாய் திறக்க முடியாது.