ஆள் வரும்போது அடிக்கிற அடி

வைக்கோல் புகையோடு சூடேறும் தோலின் வாசமும் சேர்ந்து வந்தால் என் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது. ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்ட விரல் அது.

மன்னார்குடிக்குத் தெற்கே, என் பள்ளித் தோழன் வீட்டு வாசல். அவன் பஸ் கண்டக்டர். லீவு நாளில் பறை. பட்டணத்து இசையமைப்பாளர் ஒருவரை நான்தான் கூட்டிப்போயிருந்தேன். பறை, கொம்பு, எக்காளம் ஒரு பக்கம், முப்பது வயலினும் செல்லோக்களும் மறுபக்கம் என்று அவர் பெரிய இசைக்கோவை ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். பாட்டு வரிகள் என்னுடையவை. தோழன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினான். சாவுக்கு, சாமிக்கு என்று ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினான். என் மடியில் இருந்த ரெக்கார்டரில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. இசையமைப்பாளர் போன் பேச வாய்க்கால் பக்கம் போனார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஆளுங்க வரப்ப உங்கப்பா அடிப்பாராமே, அது எப்படிடா?”

“எந்த ஆளுங்க? உங்க வூட்டு ஆளுங்களா?” என்று சிரித்தான்.

உண்மைதான். நாங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, அறுவடைக் கூலித் தகராறில், அவர்கள் தெருவுக்குத் தடியோடு ஆள் அனுப்பியவர் என் தாத்தா. ஆள் வருவதைச் சொல்லும் அந்தப் பறையடி கேட்டால் தெருவே ஓடிப்போய் நெற்பயிருக்குள் படுத்துக்கொள்ளுமாம். அவன் அம்மா, கைக்குழந்தையான அவன் வாயைப் பொத்தியபடி சேற்றில் கிடந்தாராம். பிறகு ஆட்சி மாறியது, கொடி மாறியது, நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. நிலம் மட்டும் யார் யார் பெயரிலோ எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் நான் கவிதை எழுதினேன்.

“அது சும்மா அடிக்கிறதில்லடா. அம்மா காதுல விழக் கூடாது. உனக்காக ஒரே ஒரு தடவை. மிசின நிறுத்து.”

“நிறுத்திட்டேன்.”

அவன் குச்சியைத் தொடவில்லை. விரல் நுனியால், தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினான். என் மடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத் துண்டால் மூடினேன். பிறகு இசையமைப்பாளரிடம் அந்தப் பதிவைக் கொடுத்து, “அவன் சம்மதிச்சிட்டான்” என்று சொன்னதும் நானே.

தஞ்சாவூரில் அரங்கேற்றம். மேடையில் தோழன், கீழே, என் பக்கத்து நாற்காலியில், புதுச் சேலையில் அவன் அம்மா. மகனோடு படித்தவன் என்பதற்கு மேல் என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. மூன்றாம் பகுதியில் தோழனுக்கு வேலையில்லை. ஒத்திகையிலும் அவன் அதைக் கேட்டதில்லை. செல்லோக்காரர்கள் வில்லைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் தந்திகளைத் தட்டத் தொடங்கினார்கள். அதே அடி. அழகாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

அம்மா குனிந்தார். செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வாசலை நோக்கி விரைந்தார்.

வெளியே ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும் அவர் செருப்பைக் கீழே போடவில்லை. தோழன் பறையோடு மேடையிலிருந்து ஓடி வந்திருந்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

“ஆளுங்க போயிட்டாங்களா தம்பி?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

“யாரும் வரலம்மா.”

“நீ யாரு வூட்டுப் புள்ள?”

நான் தோழனைப் பார்த்தேன். அவன் ஆட்டோவில் ஏறி, பறையை மடியில் கவிழ்த்துக்கொண்டான்.

“நீயே சொல்லுடா.”