இந்தப் பதிவுக்குப் படம் கிடையாது

காலையில் செலாயாங் காய்கறிப் பாசாருக்குப் பின்னால் இருக்கிற பழைய பிளாட்டுக்கு அரிசி கொடுக்கப் போனோம். மியன்மாரிலிருந்து தப்பி வந்த, கையில் பேப்பர் இல்லாத குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. எங்கள் தமிழர் சபை மாதாமாதம் செய்கிற வேலைதான்.

இந்த முறை செயற்குழு அங்கிள் ஒருவர் பேனரும் கேமராவுமாக வந்துவிட்டார்.

"எல்லாரையும் மூட்டையைத் தூக்கிப் பிடிச்சு நிக்கச் சொல்லும்மா. கொஞ்சம் சிரிக்கட்டும் லா."

நான் சொல்வதற்குள், வரிசையில் முதலில் நின்ற ரஹிமா மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள். கைக்குழந்தையின் முகத்தைத் துப்பட்டாவால் மூடினாள்.

"எங்க முகம் வெளிய போனா போலீஸ் வரும் அக்கா. அரிசி வேண்டாம்" என்றாள் மலாய் மொழியில்.

அங்கிளுக்குக் கோபம். "படம் இல்லாம, காசு கொடுத்தவங்களுக்கு என்னத்தக் காட்டுறது?"

எனக்கும் வந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல ரப்பர் எஸ்டேட்ல வேலை போயி நம்ம தாத்தாங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல வந்து நின்னப்ப இதே சபைதான் கஞ்சி ஊத்துச்சு அங்கிள். உங்க தாத்தா தட்டோட நிக்கிற படம் இருந்தா காட்டுங்க, பார்ப்போம்."

அவர் கேமராவைப் பைக்குள் வைத்தார். மூட்டையை ரஹிமா வீடு வரைக்கும் நானே தூக்கிப் போனேன்.

பேனரும் வீணாகவில்லை. அவள் வீட்டு உடைந்த ஜன்னலில் மழைக்கு மறைப்பாகத் தொங்குகிறது, எங்கள் சபையின் பெயர் உள்பக்கம் திரும்பி.

படம் எங்கே என்று கேட்கப்போகிறவர்களே, அடுத்த சனிக்கிழமை அங்கே சமையல். வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும். போனைக் காரிலேயே வைத்துவிட்டு யார் யார் வரீங்க?